சனிக்கிழமை நாலு மணி

குழந்தைகள் இல்லங்களுக்குப் பிறந்தநாள் கொண்டாட வருகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

உங்களில் பலரின் முகம் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரை மணி வாக்கில் வேன் வந்து நிற்கும். முதலில் பிரியாணி அண்டா இறங்கும். அடுத்து கேக் பெட்டி, பலூன் மூட்டை, புதுச்சட்டையில் பிறந்தநாள் பிள்ளை, தாத்தா பாட்டி, கடைசியாகக் கேமராவோடு ஒருவர். வாசலிலேயே யாராவது ஒருவருக்குக் கண் கலங்கும். "பாவம், எப்படி இருக்குதுங்க பாருங்க" என்பார்.

கேலி செய்யவில்லை. பதினோரு வருடத்துக்கு முன்னால் அப்படி ஒரு வேனிலிருந்து நானும் இறங்கினேன். என் மகளுக்கு அன்று ஐந்து வயது.

திண்டுக்கல்லை அடுத்த ஒரு சிற்றூரில் இருக்கிறது அந்த இல்லம். ஆறு வயதிலிருந்து பதினேழு வரை நாற்பது பையன்கள். நாங்கள் போனபோது எல்லோரும் குளித்து, தலையில் எண்ணெய் மினுங்க, வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் எழுந்து "வணக்கம் சார், வணக்கம் மேடம்" என்று ஒரே குரலில் சொன்னார்கள். பாட்டுப் பாடினார்கள். நான் மைக்கைப் பிடித்துப் பத்து நிமிடம் பேசினேன். நன்றாகப் படித்தால் பெரிய ஆளாகலாம் என்கிற வழக்கமான பேச்சுதான். கேக் வெட்டிப் பந்தி போடும்போது மணி ஒன்றரை. பையன்களின் சாப்பாட்டு நேரம் பன்னிரண்டரை என்பது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை.

வாசலை ஒட்டிய வேப்பமரத்தடியில் ஓர் அம்மா மஞ்சப்பையோடு நின்றுகொண்டிருந்தார். சமையல் உதவிக்கு வந்தவர் என்று நினைத்து, "நீங்களும் ஒரு தட்டு வாங்கிக்கங்கம்மா" என்றேன். சிரித்துவிட்டு வேண்டாம் என்றார். பிறகுதான் வார்டன் சொன்னார். இரண்டாவது ஞாயிறு பெற்றோர் வந்து பிள்ளைகளைப் பார்க்கும் நாள். அந்த அம்மாவுக்குத் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை. விடியற்காலை பஸ் பிடித்து வந்திருக்கிறார். அவருடைய மகன் எங்களுக்காகப் பாடிக்கொண்டிருந்தான். மூன்று மணிக்கு அவருக்குத் திரும்பும் பஸ். மஞ்சப்பையில் கடலை மிட்டாயும் கால் கிலோ திராட்சையும் இருந்தன. தாயும் பிள்ளையும் சேர்ந்து உட்கார அன்று கிடைத்தது முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரமும் மற்றப் பையன்கள் எங்கள் கேக்கைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் திராட்சையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனான்.

நான் கெட்ட எண்ணத்தோடு போகவில்லை. நீங்களும் அப்படி வருவதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. "அநாதை ஆசிரமம்" என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். அங்கே இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் அநாதைகள் அல்லர். உலக அளவில், இல்லங்களில் வளரும் குழந்தைகளில் ஐந்தில் நான்கு பேருக்காவது தாயோ தகப்பனோ உயிரோடு இருப்பதாக 'சேவ் தி சில்ரன்' அமைப்பின் 2009 அறிக்கை சொன்னது. நான் பார்த்த இல்லத்திலும் கதை அதுதான். அப்பா குடித்தே போய்விட்டார், அம்மா செங்கல் சூளையில். அம்மா இறந்தபின் அப்பா வேறு குடும்பம். வளர்த்த பாட்டிக்கு இப்போது கண் தெரியவில்லை. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இவர்களைப் "பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகள்" என்கிறது. நீட்டமான பெயர்தான். ஆனாலும் பெற்றவள் உயிரோடு இருக்க அவள் பிள்ளையை அநாதை என்று கூப்பிடும் தவறு அதில் இல்லை.

அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. குழந்தையை இல்லத்தில் சேர்ப்பது வேறு வழியே இல்லாதபோது எடுக்கும் கடைசி முடிவாக இருக்க வேண்டும். வறுமை ஒன்றே காரணமானால் பிள்ளை வீட்டிலேயே இருக்க வழி தேட வேண்டும். அதற்குத்தான் மிஷன் வத்சல்யா திட்டத்தில் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு இருக்கிறது. கிராமத்துக் குடும்பம் என்றால் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள்ளும், மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள்ளும் இருக்க வேண்டும். 2025 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'அன்புக் கரங்கள்' திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய். இப்படிப் பணம் இருப்பதே தெரியாத தாய்மார்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தெரிந்தவர்களுக்கும் வருமானச் சான்று, கணவரின் இறப்புச் சான்று, வங்கிக் கணக்கு, ஆதாரில் ஓர் எழுத்துப் பிழை என்று அலைந்தே மூன்று நாள் கூலி போய்விடும். உங்களில் ஒருவர் லீவு போட்டுவிட்டு அப்படி ஒரு தாயோடு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போய், விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்து, பணம் கணக்கில் ஏறும்வரை விசாரித்துக்கொண்டிருந்தால், ஒரு பிள்ளை இல்லத்துக்கு வராமலே இருக்கலாம். நூறு பேருக்குப் பிரியாணி போடுவதைவிட அது பெரிய காரியம். என்ன, அதில் படம் எடுக்க ஒன்றும் இருக்காது.

படம் என்றதும் நினைவு வருகிறது. பக்கத்துப் பெண்கள் இல்லத்தில் ஒன்பதாவது படித்த ஒரு பெண், வகுப்பில் எல்லோரிடமும் "நான் ஹாஸ்டல்ல இருக்கேன்" என்றுதான் சொல்லி வைத்திருந்தாள். பொய்யும் இல்லை அது. ஒரு ஞாயிறு யாரோ ஒருவர் போட்ட வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அவள் கையில் தட்டோடு நின்றிருந்தாள். மேலே "ஆதரவற்ற குழந்தைகளுக்கு அன்னதானம்" என்று எழுத்து. ஊர் சின்னது. படம் செவ்வாய்க்கிழமை அவள் வகுப்புக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு பத்து நாள் அவள் பள்ளிக்குப் போகவில்லை. படம் போட்டவருக்கு இது இன்றுவரை தெரியாது. அவர் நல்லவர், போன தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வாங்கி அனுப்பியிருந்தார்.

இப்படிப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்துக்குப் பயந்து கேமராவை உள்ளே வைத்தாலும் சரிதான். ஆனால் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்த்தால் சட்டம் தேவைப்படாது: என் மகள் ஒருவர் கையிலிருந்து சோறு வாங்கும் படத்தை அவர் ஊருக்கெல்லாம் அனுப்பினால் நான் சும்மா இருப்பேனா?

அடுத்தது பேச்சு. "உங்கப்பா என்ன பண்றார்?" "நீ ஏன் இங்க வந்தே?" பரிவோடுதான் கேட்கிறோம். ஆனால் அந்தப் பிள்ளை இதற்குப் பதிலை ஏற்கெனவே காவல்துறையிடமும், குழந்தைகள் நலக் குழுவிடமும், ஆலோசகரிடமும் சொல்லியாகிவிட்டது. முன்பின் தெரியாத உங்களிடம் நாலாவது முறை எதற்குச் சொல்ல வேண்டும்? சில பையன்கள் இதற்கென்றே ஒரு கதை தயாராக வைத்திருப்பார்கள். எந்தக் கதைக்கு எந்த மாமா அழுவார் என்று அவர்களுக்குத் தெரியும். தன் துக்கத்தைப் பண்டமாற்றாகப் பயன்படுத்தப் பத்து வயதில் ஒரு பிள்ளை கற்றுக்கொள்கிறது என்றால், கற்றுக்கொடுத்தவர்கள் நாம்தான்.

"உன் பர்த்டே எப்போ?" என்ற கேள்வியும் அப்படித்தான். எங்கள் இல்லத்தில் ஏழெட்டுப் பேருக்கு ஜூன் மாதம் முதல் வாரத்தில் பிறந்தநாள். பள்ளியில் சேர்க்க வயது கணக்குச் சரியாக வர வேண்டுமே என்று யாரோ போட்ட தேதி. ஒரு குட்டிப்பயல் என் மகள் கேக் வெட்டியதைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டான்: "சார், நெஜமாவே இன்னிக்குத்தான் பொறந்துச்சா பாப்பா?" எனக்கு அப்போது கேள்வி புரியவில்லை.

இப்போது கொஞ்சம் கஷ்டமான விஷயம். உள்ளே நுழைந்ததும் ஒரு சின்னக் குழந்தை ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும், மடியில் ஏறி உட்காரும், விட மாட்டேன் என்று அழும். நமக்கு நெஞ்சு நிறைந்துவிடும். "பார்த்த உடனே எங்கிட்ட ஒட்டிக்கிச்சு" என்று வீட்டுக்கு வந்து சொல்லுவோம். நம் வீட்டு மூன்று வயதுப் பிள்ளை புதுமுகத்தைப் பார்த்தால் என்ன செய்கிறது? அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளிகிறது. அதுதான் பத்திரமாக வளரும் பிள்ளையின் இயல்பு.

1970-களில் பார்பரா டிஸார்ட் என்ற உளவியலாளர் லண்டன் பக்கத்துக் காப்பகங்களில் வளர்ந்த குழந்தைகளைத் தொடர்ந்து ஆராய்ந்தார். அங்கே சாப்பாட்டுக்குக் குறைவில்லை, விளையாட்டுச் சாமானுக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு குழந்தைக்கு நாலரை வயதாவதற்குள் சராசரியாக ஐம்பது பேர் மாறி மாறி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழந்தைகளில் பலர் முன்பின் அறியாதவரிடமும் உடனே போய் ஒட்டிக்கொண்டார்கள். யாரிடம் வேண்டுமானாலும் ஒட்டுகிற பிள்ளை, தனக்கென்று ஓர் ஆள் கிடைக்காத பிள்ளை. நாம் மடியில் ஏற்றிக் கொஞ்சிவிட்டு மூன்று மணிக்கு வேன் ஏறும்போது, அந்த ஐம்பது பேருக்குப் பிறகு ஐம்பத்தோராவது ஆளாகிறோம்.

எனக்கு இதைப் புத்தகம் சொல்லித் தரவில்லை. ஏழாவது படித்த ஒரு பையன் சொல்லித் தந்தான்.

அந்தப் பிறந்தநாளுக்குப் பிறகு மனசு கேட்காமல், சனிக்கிழமை சாயங்காலம் வந்து கணக்குச் சொல்லித் தருகிறேன் என்று வார்டனிடம் சொன்னேன். மூன்று சனிக்கிழமை போனேன். பின்னத்தில் தகராறு பண்ணிக்கொண்டிருந்த அவன், மூன்றாவது வாரம் வாசல்வரை கூட வந்து, "அடுத்த வாரம் வருவீங்களா சார்?" என்றான். "கண்டிப்பா" என்றேன். அது மார்ச் மாதம். கூட்டுறவு வங்கியில் வேலை எனக்கு. வருடக் கணக்கு முடிக்கும் நேரம். பிறகு மே மாத லீவு, ஒரு கல்யாணம், மகளின் பள்ளிச் சேர்க்கை. மறுபடி போகும்போது ஜூலை. அவன் கோபித்துக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "வணக்கம் சார்" என்றான். வேனில் வருகிறவர்களுக்குச் சொல்லும் அதே குரல். நான் வரிசையில் பழைய இடத்துக்குப் போய்விட்டேன் என்று புரிந்தது.

வார்டன் அன்று சொன்னதை உங்களுக்கும் அப்படியே சொல்கிறேன். "வர முடியலைன்னா தப்பில்ல சார். வர்றேன்னு சொல்லாதீங்க. ஏற்கெனவே இதுங்ககிட்ட நிறையப் பேர் வர்றேன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க."

திரும்பத் திரும்ப வந்தவர்களும் உண்டு. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் அன்னை சத்யா அரசு குழந்தைகள் காப்பகத்தில் பல பிள்ளைகள் சேர்க்கப்பட்டார்கள். அப்போது அங்கே ஆட்சியராக இருந்த ஜெ. ராதாகிருஷ்ணனைப் பற்றிப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். பேரிடர் நேரத்தில் வந்து பார்த்த அதிகாரிகளும் பிரமுகர்களும் ஏராளம். இவரை அந்தப் பிள்ளைகள் நினைவில் வைத்திருப்பதற்குக் காரணம், பணி மாறி வேறு ஊர்களுக்குப் போன பின்னும் வருவதை நிறுத்தாததுதான். சின்னக் குழந்தையாக வந்து அங்கே வளர்ந்த ஒரு பெண்ணுக்கு 2022-இல் கல்யாணம் ஆனபோதும் வந்து நின்றார். ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரிக்கு நேரம் எவ்வளவு நெருக்கடி என்று நமக்குத் தெரியும். மாதம் ஒரு தடவை நமக்கு வராதா?

வருவதென்று முடிவு செய்தால் சில நடைமுறைகள்.

இல்லம் அரசிடம் பதிவு பெற்றதா என்று கேளுங்கள். பதிவுச் சான்றைக் காட்டத் தயங்கும் இடத்துக்கு ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். அதேபோல் அவர்கள் உங்கள் ஆதாரையும் காவல்துறைச் சரிபார்ப்பையும் கேட்டால், "எங்களையே சந்தேகப்படுறீங்களா" என்று முகம் சுளிக்காதீர்கள். கேட்கிற இல்லம் நல்ல இல்லம். பிள்ளையோடு கதவு சாத்திய அறையில் தனியாக இருக்காதீர்கள். ஒருவனுக்கு மட்டும் ரகசியமாகப் பரிசு, செல்போன் நம்பர் எதுவும் வேண்டாம். உங்கள் அன்பு சுத்தமானதாக இருக்கலாம், ஆனால் "பெரியவர்கள் ரகசியமாகத் தருவதை வாங்கிக்கொள்ளலாம்" என்ற பாடத்தை நாளைக்கு வேறொருவன் பயன்படுத்திக்கொள்வான். எந்தப் பிள்ளையாவது தனக்கு யாரோ தீங்கு செய்வதாகச் சொன்னால், "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். குறுக்கு விசாரணையும் செய்யாதீர்கள். முழுக்கக் கேளுங்கள், நம்புகிறேன் என்று சொல்லுங்கள், 1098-ஐக் கூப்பிடுங்கள். பாலியல் துன்புறுத்தல் என்றால் புகார் கொடுப்பது நம் விருப்பம் அல்ல. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி கடமை.

என்ன கொண்டுவரலாம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். வார்டனைக் கேளுங்கள், அவ்வளவுதான். தீபாவளிக்கு முந்தின வாரம் எங்கள் இல்லத்தில் ஸ்வீட் பெட்டி வைக்க இடமிருக்காது. ஜூன் மாதம் ஈ காக்கை வராது. அப்போதுதான் நோட்டு, ஷூ, அளவான உள்ளாடை, பெண்கள் இல்லமென்றால் நாப்கின் எல்லாம் வேண்டும். பழைய துணி கொடுப்பதென்றால் துவைத்து, பொத்தான் தைத்து, உங்கள் பிள்ளைக்கே நாளை போட்டு அனுப்பலாம் என்ற நிலையில் கொடுங்கள். சாப்பாடு போட ஆசையா, பன்னிரண்டரைக்குப் பந்தி ஆரம்பிக்கட்டும். வரிசையில் நின்று பரிமாறிப் படமெடுப்பதற்குப் பதிலாகப் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள். நன்றிப் பாட்டு வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அரை மணி விளையாட நேரம் கிடைத்தால் பையன்கள் உங்களை நன்றாகவே நினைவில் வைத்துக்கொள்வார்கள்.

நேரத்தைக் கொடுப்பதென்றால், உங்களுக்குத் தெரிந்த ஒன்றைக் கொண்டுவாருங்கள். கணக்கு, சைக்கிள் பஞ்சர் ஒட்டுவது, செஸ், சத்தம் போட்டுக் கதை படிப்பது, எதுவானாலும். இன்னொரு பெரிய தேவை யார் கண்ணிலும் படுவதில்லை. பதினெட்டு வயது முடிந்தவன் இல்லத்தை விட்டுக் கிளம்ப வேண்டும். 21 வயது வரை பின்காப்பு உதவிக்குச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் காலேஜ் விண்ணப்பத்தில் கார்டியன் என்ற இடத்தில் எழுத ஒரு பெயர், வாடகைக்கு அறை கேட்கும்போது "எனக்குத் தெரிந்த பையன்தான்" என்று சொல்ல ஒரு குரல், பொங்கலுக்கு எல்லோரும் ஊருக்குப் போனபின் "சாப்பிட்டியாடா" என்று ஒரு போன் ஆகியவற்றுக்குத் திட்டம் ஏதும் கிடையாது. குட்டிக் குழந்தைகளைக் கொஞ்ச வருகிறவர்கள் நிறையப் பேர். மீசை அரும்பிய பையனைத் தேடி ஒருவரும் வருவதில்லை.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். நல்ல பழமொழிதான். ஆனால் அதில்கூட ஒரு வரவு செலவு இருக்கிறது. ஊரார் பிள்ளைக்கு ஊட்டுவது தன் பிள்ளைக்குப் புண்ணியம் சேர்க்க. வங்கிக்காரன் கண்ணுக்கு அது உடனே தெரிந்துவிடுகிறது. அந்தப் பிள்ளைகளுக்கும் தெரிந்துவிடும்.

அந்த ஜூலைக்குப் பிறகு நான் "கண்டிப்பா" என்று சொல்வதை விட்டுவிட்டேன். சனிக்கிழமை நாலு மணிக்குப் போவேன். வர முடியாதென்றால் முந்தின வாரமே சொல்லுவேன். சொல்ல மறந்தால் போன் செய்து பையன்களிடமே பேசுவேன். பையன்கள் எனக்கு "சனிக்கிழமை சார்" என்று பேர் வைத்தார்கள். பின்னத்தில் தகராறு பண்ணிய அந்தப் பையன் மட்டும் பல மாதம் பின்வரிசையிலேயே உட்கார்ந்தான். கேட்டால் பதில், இல்லையென்றால் மௌனம். கொடுத்த கணக்கு முழுவதையும் அன்றைக்கே முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பான். கெட்டிக்காரன் என்று நினைத்தேன். அடுத்த வாரத்தை நம்பி அவன் எதையும் மிச்சம் வைப்பதில்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மறுவருடம் ஒரு சனிக்கிழமை, வெளியே கிரிக்கெட் ஆரம்பித்திருந்தது. கணக்குப் பாதியில் நின்றது. அவன் ஜன்னல் பக்கம் இரண்டு தரம் பார்த்தான். பிறகு நோட்டை மூடி என் மடியில் வைத்துவிட்டு, "மீதிய அடுத்த வாரம் பாத்துக்கலாம் சார்" என்று சொல்லிக்கொண்டே ஓடினான். என்னிடம் அனுமதிகூடக் கேட்கவில்லை.

நீங்களும் வாருங்கள். வேனை அனுப்பிவிட்டு, இரண்டாவது ஞாயிற்றை அந்த அம்மாக்களுக்கு விட்டுவிட்டு, உங்களுக்குத் தோதான வேறொரு கிழமையில் வாருங்கள்.

அன்புடன்,
சனிக்கிழமை சார்